வாழ வந்தவர்களின் ஊர்

மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, இந்தச் சந்திப்பு மலருக்கு நீங்க ஒரு சரித்திரக் கட்டுரை தரணும். நம்ம செட்டுல பி.ஏ. வரலாறு படிச்சிட்டு இன்னமும் வரலாறு பேசிட்டுத் திரியுற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார். எதைப் பற்றி எழுத என்று கேட்டேன். "நம்ம பாளையங்கோட்டைச் சங்கதி எல்லாம் போன மலர்லயே வந்துட்டு. இப்போ இருக்கீங்களே, அந்த ஊரைப் பத்தி எழுதுங்களேன்" என்றார். ஆகவே திருச்சிராப்பள்ளியைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

பாளையங்கோட்டையிலேயே பிறந்து, நம் கல்லூரியிலேயே படித்து, அந்த வட்டாரத்திலேயே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகளுக்குத் திருச்சியில் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்பு வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் என் வீட்டம்மாவும் இங்கு வந்து சேர்ந்தோம். வந்த நாள் முதல் ஒரு கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. காய்கறிக்காரம்மா, பால்காரர், பேருந்தில் பக்கத்தில் உட்காருபவர் என எல்லாரும் கேட்பது அதைத்தான்: "சாருக்குச் சொந்த ஊர் எது? பேச்சு இந்தப் பக்கம் மாதிரி இல்லையே?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் வரலாறு படித்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? 'சரி, அப்படியானால் திருச்சிக்குச் சொந்தக்காரர்கள் யார் யார்?' என்று தேடத் தொடங்கினேன். காலை நடையும் டவுன் பஸ்ஸுமாக இரண்டு வருடங்கள் ஊரைச் சுற்றினேன். அதில் கண்டதை இங்கே தருகிறேன்.

மலை மேல் குடிவந்த சிவன்

திருச்சி என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது மலைக்கோட்டை. நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, காற்று வாங்கிவிட்டு இறங்கிவிடுகிறோம். ஏறும் வழியில் இடப்புறம் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மூன்றாவது முறை ஏறியபோதுதான் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அதற்குள் நுழைந்தேன்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்தது இது. 'லளிதாங்குர பல்லவேஸ்வர கிருகம்' என்று பெயர். சடையில் கங்கையைத் தாங்கும் சிவனின் சிற்பம் ஒரு சுவர் முழுவதையும் நிறைத்து நிற்கிறது. அதன் இரு பக்கத்துத் தூண்களிலும் வடமொழிச் செய்யுள்கள் கல்லெழுத்தாக உள்ளன. அவற்றில் சொல்லப்படும் செய்தி மிகச் சுவையானது. 'பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது?' என்று சிவபெருமான் அரசனைக் கேட்டாராம். அதனால்தான் அரசன் வானளாவிய இந்த மலையில் அவருக்கு இருப்பிடம் அமைத்துக் கொடுத்தானாம். இன்னொரு செய்யுளில் உமையம்மைக்கு ஒரு கவலை. நதிகளின் மேல் பிரியமுள்ள தன் கணவர் எங்கே காவிரியிடமும் மனதைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று அஞ்சி, பிறந்த வீட்டை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாளாம். காவிரி பல்லவனின் காதலி என்று வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டும் இருக்கிறாளாம்!

வேடிக்கையாகத் தோன்றினாலும் இதில் ஓர் அரசியல் இருக்கிறது. காஞ்சிப் பல்லவர்களுக்குச் சோழநாடு புது நிலம். வென்று வந்த ஊரில் காலூன்ற வேண்டும். அதற்கு அந்த ஊரின் மலையில் ஒரு வீடு, அந்த ஊரின் ஆற்றோடு ஓர் உறவு இரண்டும் வேண்டியிருந்தன. 1,400 ஆண்டுகளுக்கு முன்பே திருச்சி வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு மலையுச்சியில் இடம் கொடுத்திருக்கிறது.

கொஞ்சம் கீழே இறங்கினால் தாயுமானவர் சந்நிதி. இங்கேயும் ஒரு வெளியூர்க் கதைதான். பூம்புகாரிலிருந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த ரத்னாவதிக்குப் பிரசவ வேளை. துணைக்கு வர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் வந்ததால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். செவ்வந்திநாதரே தாய் வடிவில் வந்து பேறுகாலம் பார்த்தார் என்பது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் கட்டும் வழக்கம் இன்றைக்கும் உண்டு. அந்நிய ஊரில் ஆள் துணை இல்லாமல் தவித்த ஒரு பெண்ணின் பயத்திலிருந்து ஊரின் தெய்வத்துக்கே பெயர் வந்திருக்கிறது. என் வீட்டம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ இந்தச் சாமிக்கு நம்ம கஷ்டம் புரியும்" என்றாள்.

உறையூரின் கூரையில்லா அம்மன்

'சோழர்கள் உள்ளூர்க்காரர்கள்தானே' என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். மேற்கே உள்ள உறையூர் சங்ககாலச் சோழர்களின் தலைநகரம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிபுளூஸ்' என்னும் கடற்பயணக் குறிப்பில் 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணி புகழப்படுகிறது. அந்த ஊர் உறையூரே என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நெசவோடு சுருட்டுக்கும் இந்த ஊர் பேர் பெற்றது. 1887-இல் வெளிவந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், கீழே கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறியும் நிபுணர் கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பிரபலமாக இருந்திருக்கிறது நம்மூர்ச் சுருட்டு. ('நம்மூர்' என்று என்னையறியாமலே எழுதிவிட்டேன். இருக்கட்டும்.)

ஆனால் உறையூரில் என்னை நிறுத்தி வைத்தது வெக்காளியம்மன் கோயில். கருவறைக்குக் கூரை கிடையாது, வானமே கூரை. மண்மாரி பொழிந்து உறையூர் அழிந்து மக்கள் வீடிழந்து நின்றபோது, 'உங்கள் அனைவருக்கும் வீடு கிடைக்கும் வரை எனக்கும் கூரை வேண்டாம்' என்று அம்மன் சொன்னதாக ஐதீகம். வெயிலிலும் மழையிலும் அம்மன் அப்படியே வீற்றிருக்கிறாள். இந்த ஒரு கதைக்காகவே உறையூருக்குப் போகலாம். சோழர் குடியேறிய காலம் எதுவாயினும், வீடில்லாதவனை மறக்காத ஒரு சொல்லை அந்த ஊர் இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கோட்டைக்குள்ளே வந்தவர்கள்

மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டில் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார்கள். திருமலை நாயக்கர் அதைத் திரும்பவும் மதுரைக்குக் கொண்டுபோனார். சொக்கநாத நாயக்கர் மீண்டும் இங்கேயே கொண்டுவந்தார். ராணி மங்கம்மாள் ஆண்டதும் இங்கிருந்துதான். கடைசி அரசி மீனாட்சியோடு 1736-இல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. கோட்டை சந்தா சாகிப் கைக்குப் போனது. 1741-இல் மராட்டியர் கோட்டையைப் பிடித்து அவரைச் சிறைகொண்டு போனார்கள். 1743-இல் நிஜாம் படை வந்தது. 1749-இல் ஆம்பூர்ப் போரில் தந்தையை இழந்த முகம்மது அலி ஓடி வந்து தஞ்சம் புகுந்ததும் இந்தக் கோட்டைக்குள்தான்.

1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் திருச்சியைச் சூழ்ந்துகொண்டபோது, அவர்களைத் திசைதிருப்ப ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். சந்தா சாகிபின் தலை போனது. உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சியையே தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். காரியம் முடிந்ததும் தரவில்லை. அதனால் சண்டை இன்னும் இரண்டு ஆண்டுகள் நீண்டது. ஆள ஆசைப்பட்டவர்கள் இந்த ஊருக்கு இத்தனை பேர்!

அவர்களெல்லாம் எங்கே? முகம்மது அலி 1795-இல் சென்னையில் இறந்தார். ஆனாலும் உடல் திருச்சிக்கே கொண்டுவரப்பட்டு நத்தர்வலி தர்காவில் அடக்கமானது. அந்த தர்காவில் உறங்கும் நத்தர்வலியும் வெளிநாட்டிலிருந்து வந்து, பதினோராம் நூற்றாண்டில் இங்கே தங்கிவிட்ட மகான் என்பது மரபு. ஆற்காட்டு நவாபுக்கு மண் கொடுத்தவர் தமக்கு முன்னால் வந்து குடியேறிய இன்னொரு வெளியூர்க்காரர்தான் என்று எனக்குப் பட்டது.

தெப்பக்குளத்துக்கு அருகே 1766-இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் இருக்கிறது. கட்டியவர் ஜெர்மானியப் போதகர் ஷ்வார்ட்ஸ். தமிழ் கற்று, தமிழில் பேசி, பின்னர் தஞ்சையில் சரபோஜிக்கு ஆசானாக இருந்தவர். கண்டோன்மெண்டில் தூய யோவான் ஆலயத்தில் கல்கத்தா பிஷப் ஹீபரின் கல்லறை உள்ளது. 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி, ஊருக்கு வந்து சில நாட்களுக்குள், குளிக்கப் போன இடத்தில் தண்ணீரிலேயே உயிர் நீத்தார். ஒரு வாரம்கூட இங்கே வாழாத அவருடைய பெயரைத் திருச்சிக்காரர்கள் ஒரு கல்லூரிக்கே வைத்து, 'ஹீபர்ல படிக்கிறான்' என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த அகழிதான் இன்று டபிள்யூ.பி. ரோடும் இ.பி. ரோடும். எதிரி உள்ளே வராமல் இருக்க வெட்டிய பள்ளத்தில் இன்று பேருந்துகள் வெளியூர்க்காரரை ஏற்றி இறக்குகின்றன. மேற்கு வாசல் மட்டும் 'மெயின்கார்டு கேட்' என்ற பெயரோடு மிஞ்சி நிற்கிறது.

நம்பெருமாள் திரும்பி வந்த கதை

காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். 1987-இல் நிறைவு பெற்ற 236 அடி ராஜகோபுரத்தின் புகழை நான் சொல்ல வேண்டியதில்லை. நானூறு ஆண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றதைப் பின்வந்தவர்கள் முடித்தார்கள்.

எனக்குப் பிடித்தது வேறொரு செய்தி. 1323-இல் டில்லிப் படை வந்தபோது உற்சவரை எடுத்துக்கொண்டு அடியவர்கள் தெற்கே ஓடினார்கள். பெருமாள் காடு மலையெல்லாம் சுற்றி, திருப்பதியில் வெகுகாலம் இருந்து, 1371-இல்தான் ஊர் திரும்பினார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு! திரும்பி வந்தபோது, இவர்தான் பழைய பெருமாள் என்று அடையாளம் சொல்ல ஆள் இல்லை. கண் தெரியாத ஒரு முதிய வண்ணார் முன்வந்தார். பெருமாளின் ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைப் பருகி, அந்த மணத்தைக் கொண்டே 'இவரே நம் பெருமாள்' என்றார். அன்று முதல் நம்பெருமாள் என்ற பெயர் நிலைத்தது என்று கோயில் வரலாறு கூறும். ஊர் ஊராக அலைந்து திரும்பியவருக்குச் சான்று சொன்னது பட்டயமோ பத்திரமோ அல்ல. துணி வெளுத்த ஓர் உழைப்பாளியின் நினைவு.

நாகையிலிருந்து வந்த இரண்டு

நவீனத் திருச்சியை உருவாக்கியவற்றில் இரண்டு நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்தவை. ஒன்று, 1844-இல் நாகையில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரி. ராமேஸ்வரத்திலிருந்து வந்து 1950-லிருந்து 1954 வரை அங்கே படித்தவர் அப்துல் கலாம். இரண்டாவது, தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை. 1926-லிருந்து 1928-க்குள் அது நாகையிலிருந்து பொன்மலைக்கு மாறியது. 1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அதே பொன்மலை அடிவாரம்தான்.

கல்லூரி இடம் மாறியது சந்தோஷச் செய்தி. பணிமனை மாறியது அப்படியல்ல. நாகை, போத்தனூர் பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்று சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகம் முடிவு செய்தது. அதை எதிர்த்து 1928-இல் நடந்த பெரும் வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றார்கள். 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி அதே பொன்மலையில் தொழிலாளர்மீது போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் தொழிலாளர் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். பொன்மலைச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்காய் வாங்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த கைகள் இந்தப் பணிமனைக் கைகள்தாம். ஆனால் வேறு ஊரிலிருந்து வேரோடு பிடுங்கி நட்ட குடும்பங்கள் இந்த மண்ணில் பிடிப்பதற்கு என்ன விலை கொடுத்தன என்பதை எஞ்சினில் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்த இடமும் ஒன்று உண்டு. காந்தி மார்க்கெட் மணிக்கூண்டை அண்ணாந்து நேரம் பார்ப்பவர்கள் அதிலுள்ள கல்வெட்டைப் பார்ப்பதில்லை. முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 302 பேர் போனார்கள், 41 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது அது. வந்தவர்கள் கணக்கை இவ்வளவு சொன்னேன். போய்த் திரும்பாதவர்கள் கணக்கு அந்தக் கல்லில் இருக்கிறது.

1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரக யாத்திரை புறப்பட்டதும், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி இல்லத்திலிருந்துதான். 1939-இல் வானொலி நிலையம் வந்தது. அது விவசாயிகளிடம் எடுத்துச் சொன்ன ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. 1965-இல் திருவெறும்பூரில் பாய்லர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

உய்யக்கொண்டான் முடியும் இடம்

நிற்க. திருச்சியைச் சுற்றிப் பார்க்க எனக்கு வழிகாட்டி ஒரு வாய்க்கால் என்றால் நம்புவீர்களா? உய்யக்கொண்டான் வாய்க்கால் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. உய்யக்கொண்டான் என்பது ராஜராஜ சோழனின் பட்டப்பெயர்களில் ஒன்று. நகருக்கு மேற்கே காவிரியில் பிரிந்து, ஊரின் நடுவே புகுந்து, கழிவுநீரையும் குப்பையையும் சுமந்துகொண்டு கிழக்கே போகிறது. அதன் கரையைப் பிடித்துக்கொண்டு பல நாட்கள் பகுதி பகுதியாக நடந்தேன். வாய்க்கால் கடைசியில் சென்று சேரும் ஏரி, துவாக்குடிப் பக்கம் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் வாழவந்தான்கோட்டை.

பெயரைக் கேட்டதும் நின்றுவிட்டேன். வாழ வந்தவனுக்கு ஒரு கோட்டை! அந்த ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று இருக்கிறது. விமான நிலையம் பக்கத்தில் கொட்டப்பட்டில் இன்னொன்று. 1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான். குடியுரிமை பெரும்பாலோருக்கு இன்னும் வரவில்லை.

ஏரிக்கரைப் பக்கத்து டீக்கடையில் என் வயதுள்ள ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். பழக்கதோஷம், 'சொந்த ஊர் எது' என்ற அதே கேள்வி என் வாயிலும் வந்தது. அவர் சிரித்தார். "நான் பிறந்தது மன்னார் ஐயா. பிள்ளையள் பிறந்தது இங்கை. அவையிட்டக் கேட்டால் திருச்சி எண்டுதான் சொல்லுவினம். கடதாசியிலதான் அப்பிடி இல்லை" என்றார். டீக்கு நான் காசு கொடுக்கப் போனேன், விடவில்லை. "நீங்கள் ஊருக்குப் புதுசு, நாங்கள்தான் குடுக்கவேணும்" என்று அவரே கொடுத்துவிட்டார்.

ஒரு வாழவந்தான் இன்னொரு வாழவந்தானுக்கு வாங்கிக் கொடுத்த டீ அது. சிவனுக்கு மலையுச்சி, மகானுக்கும் நவாபுக்கும் மண், பிஷப்புக்குக் கல்லூரிப் பெயர், நாகைத் தொழிலாளிக்குப் பொன்மலை என்று எல்லாருக்கும் இடம் கொடுத்த ஊர், இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கடதாசி கொடுக்காமல் இருப்பது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. அது ஊர் கொடுக்கும் கடதாசியல்ல, டில்லியில் சட்டமாக வர வேண்டியது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் கேட்க வேண்டியது அந்த ஊரில் வாழ்பவர்கள் அல்லவா?

மாணவச் செல்வங்களுக்கு

இந்த மலரைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பாதிப்பேர் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பீர்கள். படிப்பு முடிந்து சென்னை, பெங்களூரு, துபாய் என்று எங்கெங்கோ போகப் போகிறீர்கள். போகிற ஊரில் வாடகை எவ்வளவு, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். முதல் மாதத்திலேயே அந்த ஊரின் பழைய பெயர் என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வேலைக்கு வந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள், எந்தக் கல்லில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வாய்க்காலையோ ஒரு பழைய ரோட்டையோ பிடித்துக்கொண்டு அது முடியும் வரை நடந்து பாருங்கள். செலவு ஒன்றும் ஆகாது. செருப்பு தேயும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமாக, நம் ஊருக்கு யாராவது புதிதாக வந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு உபசாரத்தைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சந்திப்புக்கு வரும் பழைய நண்பர்கள் ஊர் திரும்பும் வழியில் திருச்சியில் இறங்கினால் என் வீட்டுக்கு வாருங்கள். உறையூர் அம்மனையும், மணிக்கூண்டுக் கல்லையும், வாய்க்கால் முடியும் ஏரியையும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.